மூன்று உதை

துரு என்னைக் கடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. மணியைக்கூடச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். ஊசி போடுகிற இடத்தில் நாள், நேரம், கடித்த நாய் யாருடையது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். யாருடையது என்றதும் எனக்கு வாய் வரவில்லை. பத்து வருடமாக என் கடை வாசலில் படுத்து வெயில் காய்கிற நாய். என் தட்டிலிருந்து ரொட்டி தின்கிற நாய். தெருநாய் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, வளர்ப்பு நாய்தான், பக்கத்துக் கடை, தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

நான் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் அடிக்கிறவன். என் கடைக்கும் தகரப் பட்டறைக்கும் ஒரே சுவர். பட்டறைக்காரரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள், நான் அண்ணன் என்பேன். அவர் மனைவி எனக்கு அண்ணி. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவே கதவில்லாத ஒரு வாசல். தகரப் பெட்டி, ஹோட்டல் அடுப்புக்கு மேலே மாட்டுகிற புகைக்கூண்டு, கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் என்று எதைக் கேட்டாலும் வெட்டி, மடித்து, ரிவெட் ஆணி அடித்துக் கொடுப்பார்கள். அண்ணனும் மகனும் மட்டும்தான் வேலை. எனக்கு வேண்டிய தகடுகளையும் அவர்கள்தான் வெட்டித் தருவார்கள்.

அந்தச் சத்தம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். அண்ணன் வைத்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "பஞ்சு வெச்சா தகரம் பேசறது எப்படிடா கேக்கும்?" என்றார். அடி சரியாக விழுந்ததா, தகடு படிந்ததா இல்லை எங்காவது உப்பியிருக்கிறதா என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரியுமாம். நாற்பது வருடம் அப்படியே கேட்டுக் கேட்டு வேலை பார்த்தவர். மகனுக்கும் அதே பாடம்தான்.

இவ்வளவு சத்தத்துக்கு நடுவே வாயால் கூப்பிட்டால் யாருக்கு விழும்? அதனால் அந்த வீட்டில் கூப்பிடுவது காலால். அந்த இடம் பள்ளம், மழைத்தண்ணீர் புகும் என்பதால் எந்தக் காலத்திலோ கல் நட்டு, அதன்மேல் கனமான பலகைகளைப் பாவியிருந்தார்கள். பட்டறை முதல் சமையலறை வரை ஒரே பலகைத் தளம். ஓர் ஓரத்தில் நின்று உதைத்தால் மறு ஓரத்தில் இருக்கிறவன் உள்ளங்காலில் தெரியும். ஒரு உதை என்றால், இங்கே பார். இரண்டு என்றால், ஆள் வந்திருக்கிறது. மூன்று என்றால், சோறு போட்டாச்சு. மருமகள் வந்த புதிதில் ஒரு வாரம் அழுதாள். மாமியார் சமையலறையில் நின்று தன்மேல் இருக்கிற கோபத்தில்தான் தரையை உதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். விஷயம் தெரிந்த பிறகு அவளைப் போல் உதைக்க அந்த வீட்டில் ஆளில்லை. மூன்று உதை கேட்டதும் முதலில் வருவது அண்ணன் இல்லை, துரு. தட்டு வைப்பதற்குள் வந்து நின்றுவிடும்.

துருவைக் கொண்டுவந்தது மகன்தான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. செங்கல் சூளைப் பக்கம் கிடந்த குட்டியை வாளியில் போட்டு எடுத்து வந்தான். அதன் செம்பழுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு அண்ணன், "பட்டறைக்குள்ள துருவ நானே உள்ள விடறேன் பாரு" என்று சிரித்தார். பெயர் நின்றுவிட்டது. கழுத்துப் பட்டையில் தொங்குகிற பெயர்த் தகடு நான் அடித்துக் கொடுத்தது.

மருமகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது மகன் தளத்தைப் பற்றிய பேச்சை எடுத்தான். பலகைச் சந்துகளில் நாற்பது வருடத்துத் தகரச் சீவல் அடைந்து கிடந்தது. எவ்வளவு பெருக்கினாலும் போகாது. குழந்தை தவழ ஆரம்பித்தால் கையும் முழங்காலும் என்னாகும் என்றான். நியாயமான பேச்சு. அண்ணன் முணுமுணுத்தார், ஆனாலும் பேரக்குழந்தை என்றதும் இறங்கிவிட்டார். கொத்தனாரைப் பிடித்துக் கொடுத்தவன் நான். உடைத்த செங்கல்லைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பி, மேலே சிமெண்ட் பூசி, பன்னிரண்டு நாளில் முடித்தார்கள். கழற்றிய பலகைகள் என் கடைக்கு வந்தன. தகடு அடுக்க ஷெல்ஃப் அடித்துக்கொண்டேன். ஆக, இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

புதுத் தளத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நடந்து பார்த்தோம். ஜில்லென்று இருந்தது. வெயில் கொளுத்துகிற மாதம், மேலே தகரக் கூரை. அந்தத் தளம் ஒரு சொர்க்கம். உதைத்துப் பார்த்த அண்ணிக்குக் குதிகால்தான் வலித்தது. அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அவரே நடந்து வந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் தான் இளைத்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அதுவரை எல்லாம் சிரிப்புதான்.

என்னைக் கடித்த அன்று, வெட்டி வைத்த தகடுகளை எடுக்கப் போனேன். துரு வழக்கம்போல் மேசைக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. முன்பெல்லாம் நான் உள்ளே கால் வைத்ததுமே வால் தரையில் அடிக்கும். அன்று அடிக்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்துக் குனிந்து காதுக்குப் பின்னால் சொறிந்தேன். அவ்வளவுதான். சுழன்று புறங்கையைக் கவ்வியது. மறு நொடியே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் காது இரண்டும் மடங்கி, வயிறு தரையில் படத் தவழ்ந்து மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே போய்விட்டது. கடிபட்ட வலியைவிட அது பார்த்த பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

நாய் கடித்தது என்று தெரிந்தால் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டர்தான். வெயிலுக்கு மூளை சூடாகியிருக்கும் என்றார் டீக்கடைக்காரர். வயதாகிவிட்டது, புத்தி பிசகியிருக்கும் என்றார் ஒருவர். யாரோ பச்சைக் கறி போட்டுப் பழக்கியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். வீட்டில் குழந்தை வரப்போகிறது, தனக்கு மதிப்புப் போய்விடும் என்று அதற்குப் பொறாமை என்று ஒரு பெரியம்மா சொன்னதைப் பாதிப் பேர் நம்பினார்கள். நான் என்ன சொன்னேன் என்றால், பல்லில் எலும்பு ஏதாவது குத்தியிருக்கும் என்றேன். மகன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். துரு சாதுவாக வாயைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எலும்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வெறிநோய் என்றால் அதற்குள் தெரிந்துவிடுமாம். வாசல் தூணில் கட்டினார்கள். கட்டிய மூன்றாம் நாள், பின்பக்கமாக வந்து தண்ணீர்க் கிண்ணத்தை வைத்த மகனின் குதிகாலில் பல் பட்டது. பேன்ட் மட்டும்தான் கிழிந்தது. ஆனால் அவன் முகம் மாறிவிட்டது. வளர்த்தவனையே கடிக்கிறது என்றால் இனி யாரை விடும் என்றான். மற்ற நேரமெல்லாம் துரு பழைய துருதான். சோறு தின்றது. முன்னால் போய் நின்றால் வாலை ஆட்டி மேலே ஏறியது. பத்து நாளும் கழிந்தது, நோய் எதுவும் இல்லை என்று அவிழ்த்துவிட்டார்கள். நோய் இல்லை என்றானதும் பயம் இன்னும் கூடியது. நோய் என்றால் ஒரு பெயராவது இருக்கும். இதற்குப் பெயரே இல்லை.

இதே நாட்களில் அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. முன்பும் சத்தமாகப் பேசுகிறவர்தான், ஆனால் கடுகடுக்கிறவர் இல்லை. ஒருநாள் மகன் பின்னால் வந்து தோளைத் தொட்டான். அவர் ஓங்கிய சுத்தியலோடு திரும்பினார். "திருடன் மாதிரி வந்து நிப்பியாடா?" என்று கத்தினார். பத்து தடவை கூப்பிட்டேன், காதிலேயே வாங்கவில்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்று மகன் என் கடையில் வந்து புலம்பினான். தளம் போட்டது பிடிக்கவில்லை, அதை இப்படிக் காட்டுகிறார் என்பது அவன் கணக்கு. மருமகள் அண்ணியிடம் கேட்டாளாம், மாமாவுக்கு என்மேல் என்ன கோபம், கூப்பிட்டால் பதிலே சொல்வதில்லையே என்று. அண்ணிக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பனும் மகனும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். பிறகு அதுவும் இல்லை. நாய்க்கும் கோபம், மனுஷனுக்கும் கோபம், வீடா இது என்று அண்ணி என்னிடம் வந்து சொன்னார்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. கரண்ட் போய் வெட்டு மெஷின் நின்றுவிட்டதால் பட்டறையே அமைதியாக இருந்தது. துரு பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவாசலில் சிமெண்டில் நீட்டிப் படுத்துத் தூங்கியது. எட்டாம் மாத வயிறு மருமகளுக்குத் தன் காலையே மறைத்தது. மாமனாருக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தவள் அதன் முதுகில் கால் வைத்துவிட்டாள். அது எழுந்த வேகத்தில் கெண்டைக்காலைக் கவ்வியது. டீ கொட்டியது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் என் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் அவள் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மகன் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது. காலில் இரண்டு பல் மட்டும் ஆழம். அவளுக்கும் ஊசி ஆரம்பித்தார்கள். கர்ப்பிணிக்குப் போடலாம், பயமில்லை என்றார்கள். திரும்பி வந்தபோது துரு வெட்டு மெஷினுக்கு அடியில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மகன் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னான்.

"குழந்தை வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக்கூடாதும்மா."

"எங்கடா கொண்டுபோய் விடறது? கடிக்கிற நாய எவன் வாங்கிப்பான்?"

"விடறதுக்கு இல்ல. ஊசி போட்டுடலாம். தூங்கிடும், வலிக்காதாம்."

"நான்தானே மிதிச்சேன்" என்றாள் மருமகள். "மிதிச்சா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க."

"நீ மிதிச்சே. இவர் என்ன மிதிச்சாரா?" என்று என்னைக் காட்டினான். "நான் மிதிச்சேனா? நாளைக்குத் தவழற குழந்தை அது வாலப் பிடிச்சு இழுத்தா என்ன பண்ணுவே?"

 என்னையும் கேட்டான். நானும், வேற வழி இல்லப்பா என்றேன். சொன்னதை இப்போது மறைக்க மாட்டேன். நாய்களை வைத்துப் பார்க்கிற ஒரு இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்தோம். இடமில்லை, அதிலும் கடித்த நாய் என்றால் முடியவே முடியாது என்றார்கள். அண்ணிதான் புருஷன் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். அண்ணன் துருவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதோடு சரி.

திங்கட்கிழமை காலை துருவைக் குளிப்பாட்டினார். வழக்கமாகக் குளிப்பது என்றால் தெருமுனை வரை ஓடுகிற நாய், அன்று அசையாமல் நின்றது. இரண்டு முட்டையை அவித்து, உரித்து, ஊதி ஊதிக் கையால் கொடுத்தார். கழுத்துப் பட்டையைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினார். அண்ணி வாங்கவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, சணல் கயிற்றைக் கட்டி, மகன் ஏற்கெனவே ஏறியிருந்த என் வேனுக்குக் கூட்டி வந்தார். துரு தானாக ஏறி உட்கார்ந்தது. எங்காவது போகிறோம் என்றால் அதற்கு எப்போதுமே குஷிதான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களோடு ஒரு கால் உடைந்த ஆடும் கூடையில் ஒரு பூனையும் காத்திருந்தன. எங்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். முகமூடி போட்டிருந்தார், அதற்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. மகன் விஷயத்தைச் சொன்னான். கேட்டுவிட்டு ஊசியை எடுப்பார் என்று பார்த்தால், நாயை மேசைமேல் ஏற்றச் சொன்னார். அண்ணன் அசையாததால் மகனும் நானும் தூக்கி வைத்தோம். பல், ஈறு, கண், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடுப்பை அழுத்தி, கால்களை மடக்கி நீட்டினார். வயிற்றைத் தடவினார். நடுவே அண்ணனிடம் ஏதாவது கேட்பார். அண்ணன் ஒவ்வொரு கேள்விக்கும் மகன் முகத்தைப் பார்த்தார். மகன்தான் பதில் சொன்னான்.

"வலி எங்கயும் இருக்கற மாதிரி தெரியல. கடிச்ச மூணு நேரமும் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"ரெண்டு தடவை மேடம், தூங்கிட்டிருந்துச்சு. என்னைக் கடிச்சப்போ மட்டும் முழிச்சிருந்துச்சு. ஆனா அந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்துச்சு."

"முன்னாடியிருந்து போன யாரையாவது கடிச்சிருக்கா?"

மகன் என்னைப் பார்த்தான். நாங்கள் இருவரும் யோசித்தோம். இல்லை.

"வீட்டுல சமீபத்துல ஏதாவது மாறுச்சா? ஆள், இடம், சாப்பாடு?"

"ஒண்ணும் மாறல. தரை மட்டும் புதுசா போட்டோம். பலகைய எடுத்துட்டு சிமெண்டு."

"கூப்பிட்டா வருதா?"

"நாங்க கூப்பிடறதே இல்ல மேடம். உதைப்போம்."

டாக்டரின் கண் சிவந்துவிட்டது. "நாயையா?"

"ஐயோ இல்ல, தரைய" என்று நான் குறுக்கே விழுந்தேன். பட்டறைச் சத்தத்தையும் பலகைத் தளத்தையும் ஒரு உதை, இரண்டு உதை, மூன்று உதைக் கணக்கையும் நான்தான் விளக்கினேன். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் போனார். துரு மேசைமேல் அண்ணனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டி நின்றார். கருவிகள் வைக்கிற பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்த டாக்டர் அதைத் தரையில் ஓங்கிப் போட்டார்.

நான் துள்ளிவிட்டேன். மகன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வெளியே பூனை சீறியது, ஆடு கத்தியது. தட்டு சுற்றிச் சுற்றி அடங்க வெகு நேரம் பிடித்தது. துரு காதைக்கூட அசைக்கவில்லை.

அண்ணனும் அசையவில்லை. தடவிக்கொண்டிருந்த கை நிற்கக்கூட இல்லை. திரும்பாமலே மகனைக் கேட்டார்.

"டாக்டரம்மா எங்கடா போனாங்க? ஊசி போட இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

 மகன் கீழே கிடந்த தட்டைப் பார்த்தான், அப்பாவின் முதுகைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். டாக்டர் முகமூடியை இறக்கினார். இந்த நாய்க்குக் காது போய் ஒரு வருடமாவது இருக்கும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வயதும் ஒரு காரணம், அந்தச் சத்தமும் ஒரு காரணம். பலகை இருந்தவரை யார் வந்தாலும் அதன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது அதற்கு யாரும் நடந்து வருவதில்லை, திடீரென்று வானத்திலிருந்து குதித்து மேலே கை வைக்கிறார்கள். பயத்தில் கடிக்கிறது. இதற்குச் சாகிற ஊசி எதற்கு என்றார். பிறகு அண்ணனைக் கண்ணால் காட்டி, "இவங்களையும் ஒருதடவை காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மகன் மேசையைச் சுற்றிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றான். அவர்கள் முகத்தோடு முகம் பார்த்துப் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அப்பா. துருவுக்குக் காது கேக்கல."

அண்ணன் அவன் உதட்டையே பார்த்தார். "என்ன?"

"காது. ரெண்டும் கேக்கல. ரொம்ப நாளாவே. அதான் கடிக்குது. ஊசி வேணாம்ப்பா, வீட்டுக்குப் போலாம்."

அண்ணன் குனிந்து நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லவே இல்லியேடா" என்று அதைக் கேட்டார். அவருக்குத் தெரியாமலே அது பெரிய சத்தமாக வந்தது. மகன் வெளியே ஓடிப்போய் ஆட்டுக்காரர் பக்கத்தில் நின்று அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமென்ன.

திரும்பும்போது அண்ணன் பின்னால் துருவோடு உட்கார்ந்துகொண்டார். மகன் என் பக்கத்தில் இருந்தான்.  பாதி வழியில், "திமிருன்னு நெனச்சேன் சித்தப்பா" என்றான். "பத்து தடவை கூப்பிட்டும் திரும்பலைன்னா வேற என்ன நெனக்கிறது? நானே ஒருநாள் கெழட்டுப் பிடிவாதம்னு அவர் பின்னாடி நின்னு சத்தமா சொன்னேன். அதுக்கும் திரும்பல. அன்னைக்காவது எனக்குப் புரிஞ்சிருக்க வேணாமா?"  சுவருக்கு இந்தப் பக்கம் பஞ்சு வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான், எனக்கே தோன்றவில்லை. அந்தப் பலகை நாயை மட்டும் தாங்கவில்லை, அவரையும்தான் தாங்கியிருக்கிறது. அதைப் பெயர்த்து எடுத்து அதன்மேல் நம்பர் பிளேட் அடுக்கி வைத்திருக்கிறேன் நான்.

வேன் நின்றதும் அண்ணி வாசலுக்கு வந்தார். பின்கதவைத் திறந்ததும் துரு குதித்தது.  அண்ணி உள்ளே போய் மேசைமேல் இருந்த கழுத்துப் பட்டையை எடுத்து வந்து, துருவுக்கு முன்னால் உட்கார்ந்து மாட்டினார். பிறகுதான் மகன் எல்லாவற்றையும் சொன்னான். நாயைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்னபோது, "எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுடா" என்று தரையைப் பார்த்தார். "கேட்டா ஒத்துக்க மாட்டார்னு விட்டுட்டேன்."

நான் என் கடைக்குள் போய் ஷெல்ஃபில் இருந்த தகடுகளை எல்லாம் இறக்கித் தரையில் குவித்தேன். திருகாணிகளைக் கழற்றுவதற்குள் மகனும் வந்துவிட்டான். ஐந்து பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். முனை முறிந்தவற்றை அறுத்து, சந்தில் சீவல் இல்லாமல் சுரண்டி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தான். கீழே விரல் கனத்துக்குக் கட்டைகள் அடித்து, சிமெண்டில் படியாமல் எழுப்பி வைத்தான். சமையலறை வாசலில் ஆரம்பித்து, துரு படுக்கும் சாக்கைத் தொட்டு, அண்ணன் உட்காரும் முக்காலிக்கு அடியில் போய் முடிகிற மாதிரி ஒரே நீளமாக ஆணி அடித்துச் சேர்த்தான். அண்ணன் அது எதற்கு என்று கேட்டார். "துருவுக்கு" என்றான். அவர் தலையாட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார்.

நடுவாசலுக்கு இடுப்புயரத்தில் கம்பி வலைக் கதவு ஒன்றும் அன்றைக்கே அளவெடுத்தாயிற்று. குழந்தையையும் நாயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது, காது கேட்கிற நாயாக இருந்தாலும் அதுதான் சட்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வேலை முடிந்தபோது மதியம் மூன்று மணி தாண்டியிருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. துரு சாக்கில் சுருண்டு தூங்கியது. அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு குழாய்க்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுகிற சத்தம் காதைப் பிளந்தது. மருமகள் கட்டுப் போட்ட காலோடு, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள். பலகையின் நுனியில் நின்று, நல்ல காலால் உதைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

துரு தலையைத் தூக்கியது. திரும்பி அவளைப் பார்த்தது. வால் சாக்கில் அடிக்க ஆரம்பித்தது.

சுத்தியல் நின்றது. அண்ணன் குனிந்து, காலடியில் இருந்த பலகையைப் பார்த்தார். உள்ளங்காலை அதில் அழுத்தினார். பிறகு திரும்பி மருமகள் முகத்தைப் பார்த்தார்.

"வரேம்மா" என்றார்.

தளம் போட்டதிலிருந்து அவள் கூப்பிட்டு அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டுகளை எடுக்கப் போனாள். அண்ணன் எழுந்து கை கழுவ வருவதற்குள், வழக்கம்போல், துரு போய் நின்றிருந்தது.